எக்ஸ்டர்னல் கழற்றிய கெப்பாசிட்டர்: லேப் தேர்வு அனுபவங்கள்

இன்ஜினியரிங் படித்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கையால் செய்து புரிந்துகொண்ட ஒரு விஷயத்துக்காக மார்க் வாங்கிய நாள் யாருக்காவது நினைவிருக்கிறதா? எனக்கு ஒன்றே ஒன்று உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். இரண்டாம் வருடம் சர்க்யூட்ஸ் லேப். செமஸ்டர் முழுக்க நாங்கள் செய்தது என்னவென்றால், சீனியர் நோட்டிலிருந்து ரீடிங்கை அப்சர்வேஷன் நோட்டில் ஏற்றுவது, அப்புறம் அதையே ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி, இடதுபக்கம் பென்சிலில் படம் போட்டுக் கையெழுத்து வாங்குவது. அதற்குத்தான் இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மார்க். எங்கள் பேட்ச்சில் ஒருவன், எந்த சர்க்யூட்டைக் கொடுத்தாலும் பிரெட்போர்டில் (வயர்களைச் செருகி சர்க்யூட் அமைக்கும் பலகை) போட்டு அவுட்புட் எடுத்துவிடுவான், மற்ற மேசைகளில் வராததையும் போய்ச் சரிசெய்து கொடுப்பான். ரெக்கார்டு தாமதமாகக் கொடுத்தான் என்று அவனுக்குத்தான் வகுப்பிலேயே குறைந்த மார்க். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

செமஸ்டர் லேப் தேர்வில் சீட்டு எடுத்ததில் எனக்குச் சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் ஆர்சி கப்புள்டு ஆம்ப்ளிஃபையர் வந்தது. பிசி 107 டிரான்சிஸ்டர் போட்டு, சிஆர்ஓவில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) அலை வந்துவிட்டது, செமிலாக் தாளில் கிராஃப் போட்டு 3 டெசிபல் இறங்கும் இடங்களைக் குறித்தால் முடிந்தது என்று நிற்கிறேன். எக்ஸ்டர்னல் சார், அதாவது வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்தவர், வந்தார், பார்த்தார், டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ஒன்றான எமிட்டரில் இருந்த பைபாஸ் கெப்பாசிட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அலை பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. "ஏன் சின்னதாச்சு? கால் மணி நேரம் தரேன், புத்தகத்துல இருக்கறத சொல்லாத, அளந்து பார்த்துட்டு சொல்லு" என்று அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மனப்பாடம் செய்த வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்வி எதுவும் உதவவில்லை. வேறு வழியில்லாமல் மல்டிமீட்டரை எடுத்து கலெக்டர், பேஸ், எமிட்டர் மூன்றிலும் டிசி வோல்டேஜ் அளந்தேன். எதுவும் மாறவில்லை! அப்படியானால் பயாஸ், அதாவது டிரான்சிஸ்டருக்குக் கொடுத்த டிசி அமைப்பு, சரி, சிக்கல் சிக்னலில் மட்டும்தான். சிஆர்ஓ புரோபை எமிட்டரில் வைத்தால் அங்கேயும் அலை தெரிகிறது, முன்பு அங்கே ஒன்றும் இருந்ததில்லை. கெப்பாசிட்டர் இருந்தவரை சிக்னல் அதன் வழியாகத் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது, இப்போது எமிட்டர் ரெசிஸ்டரில் விழுந்து உள்ளே வரும் சிக்னலையே குறைக்கிறது. நெகட்டிவ் ஃபீட்பேக் என்று பத்துத் தடவை எழுதிய வார்த்தைக்கு அன்றுதான் பொருள் தெரிந்தது. இப்போது போர்டு பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மேசைக்கு எது வந்தாலும் முதலில் டிசி, அப்புறம் சிக்னல். அந்தக் கால் மணி நேரத்தில் கற்றதுதான்.

சிவில் படித்தவர்:

அண்ணா, எங்களுக்கு சர்வே கேம்ப்பில் இப்படி ஒன்று நடந்தது. ஐந்து ஸ்டேஷன் வைத்து மூடிய டிராவர்ஸ், அதாவது புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வரும் அளவை. உள்கோணங்களின் கூட்டுத்தொகை 540 டிகிரி வர வேண்டும், எங்கள் டீமுக்கு நாலு நிமிடம் கூடுதலாக வந்தது (கோணத்தில் ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், ஒரு நிமிடத்துக்கு அறுபது செகண்ட்). எல்லா டீமும் செய்வதைப்போல நாங்களும் ராத்திரி உட்கார்ந்து ரீடிங்கைத் திருத்தி 540க்குக் கொண்டுவந்துவிட்டோம். மறுநாள் சார் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. "இருபது செகண்ட் வரைக்கும்தான் கோணம் அளக்கற இந்த தியோடலைட்டுல படிக்க முடியும், அஞ்சு ஸ்டேஷனுக்கு முக்கால் நிமிஷம் வரைக்கும் பிசகு வரலாம்னு நானே ஒத்துக்கறேன், உங்க எல்லாருக்கும் எப்படிப்பா பிசகே இல்லாம வந்தது?" என்றார். அப்புறம் ஒவ்வொரு டீமும் அடுத்த டீமின் ஸ்டேஷன்களை அளக்க வேண்டும், பிசகு எங்கிருந்து வந்தது என்று காட்டுபவருக்கே மார்க் என்றார். எங்கள் மூன்றாவது ஸ்டேஷனில் தூக்குக்குண்டு ஆணிக்கு நேராக இல்லை. அதைக் கண்டுபிடித்த பெண் எதிர் டீம், மார்க் அவளுக்குத்தான் போனது, போனதும் சரிதான்.

மெக்கானிக்கல் ஆசிரியை:

மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவள் என்பதால் எழுதுகிறேன். முப்பது பேர், மூன்று மணி நேரம், அதற்குள் எல்லோருக்கும் மார்க் போட வேண்டும் என்றால் கண்ணில் படுவது ரெக்கார்டுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் லேப்புக்கு இன்டர்னல் நூற்றுக்கு 60 ஆகிவிட்டது, முன்பு 20தான். எங்கள் கைக்கு இவ்வளவு வந்த பிறகும் அதைக் கையெழுத்துக்கும் தேதிக்கும் கொடுத்தால் அது எங்கள் தவறு. அனுபவத்தின் வழியே கற்பதைப் பற்றி டேவிட் கோல்ப் 1984இல் எழுதியதில் செய்வது ஒரு படி மட்டும்தான், செய்ததைத் திரும்பிப் பார்ப்பது அடுத்த படி, நாம் அதற்கு நேரமே ஒதுக்குவதில்லை.

நான் இப்போது லேப் முடியும்போது ஒவ்வொருவரிடமும் அரைப்பக்கம் கேட்கிறேன்: இன்று எது தப்பாகப் போனது, எப்படித் தெரிந்தது? முதல் மாதம் எல்லோரும் 'ரீடிங் பிழை' என்றே எழுதினார்கள். அப்புறம் ஒரு மாணவனுக்கு டீசல் இன்ஜின் லோட் டெஸ்ட்டில் எஃபிஷியன்சி 55 சதவீதம் வந்தது. அந்தச் சின்ன இன்ஜினில் முப்பதைத் தொட்டாலே பெரிது. அவன் மாற்றி எழுதவில்லை. பியூரெட்டில் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) டீசலை அளக்கும்போது டேங்க் வால்வு முழுசாக மூடவில்லை, டீசல் இரண்டு பக்கமிருந்தும் போனதால் 10 சிசி இறங்க அதிக நேரம் ஆனது, அதனால் டீசல் குறைவாகச் செலவானதுபோல் கணக்கு வந்தது என்று படம் போட்டு எழுதியிருந்தான். அன்றைக்கு அந்த பேட்ச்சில் அவனுக்குத்தான் முழு மார்க்.

முதலில் எழுதியவர்:

மேடம், அந்த அரைப்பக்கத்தை ரெக்கார்டிலேயே ஒட்டச் சொல்கிறீர்களா, தனியாக வாங்கி வைக்கிறீர்களா? தனியாக என்றால் அடுத்த வருட ஜூனியர்கள் கையில் போய்விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?