புது டயர் போடும் முன் பழைய டயரைத் தடவிப் பாருங்கள்

டயர் தேய்ந்ததும் நாலையும் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஏன் தேய்ந்தது என்று பார்க்காவிட்டால் புது டயரும் அதே வழியில்தான் போகும். கழற்றிய டயரை நிறுத்தி, உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பாருங்கள். நடுவில் மட்டும் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், சரியில்லை. ஒரு திசையில் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ அளவு (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தவறியிருக்கிறது. அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், பேலன்சிங் மூன்றையும் பாருங்கள்.

அலைன்மென்ட் மெஷினில் ஏற்றும் முன் டை ராட் முனை, பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் என்று சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளில் ஆட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆட்டத்தோடு எடுத்த அளவு முதல் பள்ளத்திலேயே மாறிவிடும். இதைச் சோதிக்காமல் அளவு சரி என்று மெஷின் காகிதத்தில் பச்சைக் கோடு மட்டும் காட்டுகிற கடைக்கு மறுபடி போக வேண்டாம்.

*

மேலே காற்று பற்றி வந்ததால் இதையும் சேர்த்துக்கிறேன். "வெயில் காலம், ரெண்டு பாயின்ட் (பிஎஸ்ஐ, காற்றழுத்த அளவு) குறைச்சு வைங்க" என்று இன்னும் சொல்றாங்க. தப்பு. காற்று குறைஞ்சா பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலா மடங்கும், அந்த மடிப்புதான் சூடு. மே மாசம் ஜிஎஸ்டி ரோட்டில் முழு லோடோட 100-ல போறப்ப டயர் வெடிக்கிறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டிரைவர் கதவைத் திறந்தா தூணில் ஒட்டியிருக்கும் காற்று அளவு ஆறின டயருக்கானது. வண்டி மூணு மணி நேரமாவது நின்ற பிறகு பாருங்க. ஓடி வந்த சூட்டில் நாலு பாயின்ட் வரை ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிடாதீங்க. நைட்ரஜன் வேணும்னு அலைய வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

*

அளவு மாற்றுவதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 14 அங்குல ரிம் உள்ள ஸ்விஃப்டுக்கு 165/80 ஆர்14: அகலம் 165 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். "கொஞ்சம் அகலமா 175/65 போடலாம் சார்" என்பார் கடைக்காரர், அதே ரிம்மில் உட்காரவும் செய்யும். கணக்குப் போடுங்கள்: முதலாவதின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ., இரண்டாவதற்கு 583. வண்டி 18 மி.மீ. தாழ்ந்து வேகத்தடையில் வயிறு உரசும். முன்பு சரியாக 100 காட்டிய ஸ்பீடோமீட்டர், இனி 94-ல் போகும்போதே 100 காட்டும். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு எண்ணும் 85-லிருந்து 82-க்கு இறங்கினால், ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோவிலிருந்து 475 ஆகிவிடும். ரிம்மையும் மாற்றத் தயார் என்றால் 185/65 ஆர்15 போடுங்கள், விட்டம் 621.5. விட்டத்தில் 2 மி.மீ.கூட வித்தியாசம் இல்லை.

*

தயாரிப்புத் தேதி பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையில் கடைசி நாலு இலக்கம்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பக்கச் சுவரில் ஒரு புறம் மட்டும் முழு எண் இருக்கலாம், உள்பக்கமும் குனிந்து பாருங்கள். ஓடாமலே கிடக்கும் ஸ்டெப்னிக்கும் வயது உண்டு, ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும்.

*

ரெண்டு டயர் மட்டும் வாங்குறவங்க புதுசைப் பின்னாடி போடச் சொல்லுங்க, முன் சக்கரம் இழுக்கிற வண்டியா இருந்தாலும். மழைத் தண்ணியில் முன்பக்கம் வழுக்கினா ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பிடி திரும்பக் கிடைக்கும். பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்திடும், பழகின கைக்கும் நிறுத்துறது கஷ்டம். டயர் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இருக்கிற குறுக்குக் கட்டையோட பட்டன் சமமா வந்தாச்சுன்னா மிச்சம் 1.6 மி.மீ.தான், மாற்றியே ஆகணும். மழைக்காலத்துக்கு 3 மி.மீ.-லேயே மாற்றுறது நல்லது.

பக்கச் சுவரில் ஆணி ஏறினாலும், ரோட்டுப் பள்ளத்தில் அடிபட்டு முட்டை மாதிரி புடைச்சாலும் பஞ்சர் ஒட்டக் கூடாது. உள்ளே நூல் அறுந்திருக்கும்.

*

டயரோடு வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், விலை சொற்பம். சக்கர நட்டை ஏர் கன்னால் இறுக்கி முடிக்க விடாதீர்கள். கையால் எதிரெதிராகப் பிடித்து, டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வண்டிப் புத்தகத்திலுள்ள அளவுக்கு இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும்.