குண்டு வைத்திருக்கும் நாடுகள் சேராத தடை ஒப்பந்தத்தால் என்ன பயன்?

தேடலன் (வினா):
2021 ஜனவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில், அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. 1968-இன் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கையில், குண்டே இல்லாதவர்கள் கூடி அதை வைத்திருக்க மாட்டோம் என்று மறுபடியும் உறுதி கூறுவதில் என்ன பொருள் இருக்கிறது? சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

சட்டமாணவி:
இரண்டும் ஒன்றல்ல, ஐயா. 1967 ஜனவரி 1-க்கு முன் வெடித்துக் காட்டிய ஐந்து நாடுகளை மட்டும் அணு ஆயுத நாடுகளாக ஏற்றுக்கொண்டு, மற்றவர்களுக்குக் கதவை அடைத்தது பரவல் தடை ஒப்பந்தம்; அதற்கு ஈடாக, ஆயுதக் களைவுக்கு நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்த வேண்டும் என்று ஆறாம் பிரிவில் சொன்னதே தவிர, கெடு எதையும் வைக்கவில்லை. (சிக்கலுக்கெல்லாம் வேர் அங்கேதான் என்பேன்.) 2017 ஜூலையில் 122 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறிய புதிய ஒப்பந்தமோ, ஆக்குவது, வைத்திருப்பது, மிரட்டுவது, பிறர் குண்டுக்குத் தன் மண்ணில் இடமளிப்பது என யாவற்றையும் உறுப்பினர் அனைவருக்கும் ஒரே அளவில் தடுக்கிறது. வாக்கெடுப்பில் எதிர்த்த ஒரே நாடு நெதர்லாந்து. நேட்டோ இராணுவக் கூட்டணியின் கடமைகளோடு இது ஒத்துவராது என்பது அதன் வாதம்.

ஐயவாதி:
சேராத நாட்டை எந்த ஒப்பந்தமும் கட்டுப்படுத்தாது. 1996-இல் சர்வதேச நீதிமன்றமே, ஒரு நாட்டின் இருப்புக்கே ஆபத்து நேரும் உச்ச நிலையில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டப்படி சரியா தவறா என்று முடிவாகச் சொல்ல இயலாது என்றது. அதே ஆண்டு கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட விரிவான சோதனைத் தடை ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. குறிப்பிட்ட 44 நாடுகளும் ஏற்புறுதி (கையொப்பத்துக்குப் பின் முறைப்படி ஏற்றல்) செய்தாக வேண்டும் என்ற விதியே அதை முடக்கியிருக்கிறது.

கரையோரம்:
குண்டு வைத்திருப்பவர்களை மட்டும் பார்ப்பதால் புதிய தடை ஒப்பந்தத்தின் ஆறாம், ஏழாம் பிரிவுகளை மறந்துவிடுகிறோம். சோதனையால் பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவமும் மறுவாழ்வும் தர வேண்டும், கெட்டுப்போன நிலத்தைச் சீர்செய்ய வேண்டும் என்கின்றன அவை. இதில் ஒரு கசப்பும் உண்டு: முதற்பொறுப்பு பாதிக்கப்பட்ட மக்கள் வாழும் நாட்டின் தலையிலேயே விழுகிறது, சோதித்த நாடு உதவ வேண்டும் என்ற விதி, அந்த நாடும் உறுப்பினரானால்தான் செல்லும். ஆயினும் செமிபலாட்டின்ஸ்க் களத்தில் 1949 முதல் 1989 வரை 450-க்கும் மேற்பட்ட சோவியத் சோதனைகளைக் கண்ட கசக்ஸ்தானும், பிரிட்டனும் அமெரிக்காவும் தன் தீவுகளில் குண்டு வெடித்ததைப் பார்த்த பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியும் இந்தப் பணியை முன்னின்று நடத்துகின்றன. இழப்பீடு கேட்கும் மேடையே இல்லாதிருந்தவர்களுக்கு இது சிறிய பயனன்று.

தேடலன்:
விளக்கத்துக்கு நன்றி. குண்டு வைத்திருக்கும் நாடொன்று மனம் மாறிச் சேர விரும்பினால்?

சட்டமாணவி:
அழித்துவிட்டுச் சேரலாம், அல்லது சேர்ந்தவுடன் குண்டுகளைச் செயல்நிலையிலிருந்து அகற்றிவிட்டுப் பின்னர் அழிக்கலாம். இதற்கு 2022-இல் வியன்னாவில் கூடிய உறுப்பு நாடுகள் வைத்த கெடு பத்தாண்டுகள். ஆறு குண்டுகளைச் செய்து தானே கழற்றிப்போட்ட தென்னாப்பிரிக்கா, 2019-இல் இந்த ஒப்பந்தத்தை ஏற்புறுதி செய்தது.