குறைந்த செலவில் ரேசிங் சிமுலேட்டர் காக்பிட்: இரும்பா, மரமா?

கேள்வி: வளைவுநேசன், கோவை

வணக்கம். என்னிடம் லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங்கும் அதன் பெடல்களும் இருக்கின்றன. ஸ்டியரிங்கைப் படிப்பு மேசையின் விளிம்பில் கவ்விகளால் இறுக்கிவிட்டு, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் அமர்ந்து அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய விளையாட்டை விளையாடி வருகிறேன். நேர்ச்சாலையில் போகும்வரை குறை ஒன்றும் தெரிவதில்லை. அதில் வரும் மோன்ஸா பந்தயப் பாதையின் முதல் வளைவுக்கு முன்னால் முழு வேகத்திலிருந்து பிரேக்கை மிதிக்கும்போதுதான் எல்லாம் குலைகிறது: நாற்காலி பின்னால் உருள்கிறது, பெடல் பலகை சுவரை நோக்கி நகர்கிறது, காலின் அழுத்தத்தில் பாதி பிரேக்குக்குப் போய்ச் சேருவதே இல்லை. பெடலுக்குப் பின்னால் செங்கல் வைத்துப் பார்த்தேன், நாற்காலியைக் கட்டிலோடு கயிற்றால் கட்டியும் பார்த்தேன். இரண்டும் சில சுற்றுகளுக்கு மேல் தாங்கவில்லை.

ஆகவே இருக்கை, ஸ்டியரிங், பெடல் மூன்றையும் ஒன்றாகத் தாங்கும் சட்டகமான ஒரு காக்பிட்டைச் சொந்தமாகச் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். இருக்கை உட்பட 12,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். குடியிருப்பது வாடகை வீடு என்பதால், கழற்றி மாட்டக்கூடியதாகவும் சாதாரண அறைக் கதவு வழியே எடுத்துச் செல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். என் உயரம் 178 செ.மீ.; என் தம்பியின் உயரம் 162 செ.மீ. இருவருமே ஓட்டுவோம். பிற்காலத்தில் லோட் செல் பிரேக்கோ (மிதிக்கும் விசையை அளப்பது), டைரக்ட் டிரைவ் ஸ்டியரிங்கோ (மோட்டாரோடு நேரடியாக இணைந்த, விசை கூடிய வகை) வாங்கினால் அதையும் இந்தச் சட்டகமே தாங்க வேண்டும் என்பது என் விருப்பம். பிவிசி குழாய், ப்ளைவுட், இரும்புச் சதுரக் குழாய் ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பட்டறைவாசி

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், விசை எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பார்த்துவிடுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது கால் பெடலை முன்னால் தள்ளுகிறது. அதே அளவு விசையோடு முதுகு இருக்கையைப் பின்னால் தள்ளுகிறது. இந்த இரண்டு விசைகளும் ஒரே விறைப்பான சட்டத்துக்குள் சந்தித்துக்கொண்டால் காக்பிட் அசையாது. அவை தரை வழியாகச் சந்திக்க நேர்ந்தால், நீங்கள் சொல்லும் தொல்லை எந்தப் பொருளில் செய்தாலும் தொடரும். எனவே இருக்கையையும் பெடலையும் இணைக்கும் அடிச்சட்டம்தான் முதன்மையானது. ஸ்டியரிங் தாங்கி அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது, ஏனெனில் ஜி29 கொடுக்கும் முறுக்கு விசை 2 நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டும் அளவுதான்.

பிவிசி குழாயை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காணொளிகளில் அழகாகத் தெரிந்தாலும், நீண்ட குழாயின் நடுப்பகுதி அழுத்தத்தில் வளையும், முழங்கை இணைப்புகள் நாளடைவில் இளகும். பலமாக மிதிக்க வேண்டிய லோட் செல் பிரேக்கை வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருப்பதால் பிவிசியை முற்றிலும் விட்டுவிடுங்கள்.

கோவையில் இருக்கும் உங்களுக்கு வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. 40க்கு 40 மி.மீ. அளவில், 2 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், அதாவது சாதாரண இரும்பு) சதுரக் குழாய் போதும். செலவை மிச்சப்படுத்த 25க்கு 25 அளவே போதும் என்று கடையில் சொல்லக்கூடும், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே கனத்தில் 25 அளவிலிருந்து 40 அளவுக்குப் போனால் எடை 1.65 மடங்குதான் கூடுகிறது, ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு ஏறத்தாழ நாலரை மடங்காகிறது. இரும்பு எடைக்கு விற்கப்படுவதால் கணக்கும் எளிது: இந்தக் குழாய் ஒரு மீட்டருக்கு 2.4 கிலோ வரும். அடிச்சட்டம், ஸ்டியரிங் தாங்கி இரண்டுக்கும் சேர்த்து 12 மீட்டர் என்றால் 29 கிலோ. கிலோ 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் குழாய்க்கு ஏறத்தாழ 2,000 ரூபாய்தான் ஆகும். மீதிப் பணம் வெட்டுக்கூலி, வெல்டிங், போல்ட், பெயின்ட், இருக்கை ஆகியவற்றுக்குத் தாராளமாக இருக்கும்.

அடிச்சட்டத்தை 140 செ.மீ. நீளமும் 55 செ.மீ. அகலமும் கொண்ட செவ்வகமாக அமைத்து, நடுவில் இரண்டு குறுக்குக் குழாய்கள் கொடுங்கள். பெடல் பலகை நிற்கும் இடத்தில்தான் பெரும்பாலான வீட்டுக் காக்பிட்கள் தோற்கின்றன. பிரேக் பெடலின் முகம் அடிச்சட்டத்திலிருந்து பதினைந்து, இருபது செ.மீ. உயரத்தில் இருப்பதால், மிதிக்கும் விசை பலகையை அதன் அடியிலிருந்து பின்புறமாக மடக்கப் பார்க்கும். பலகைக்குப் பின்னால் இடமும் வலமும் சாய்வான தாங்கு குழாய் ஒன்றைக் கொடுத்து முக்கோணமாக்கிவிட்டால் அந்த மடங்கல் நின்றுவிடும். வேலை முடிந்ததும், பலகையை ஒட்டித் தரையில் ஓர் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, முழு பலத்தோடு பிரேக்கை மிதித்து, இன்னொருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். பலகையின் மேல் விளிம்பு 2 மி.மீ. நகர்வதுகூட அளவுகோலின் பக்கத்தில் தெளிவாகத் தெரியும். அப்படி நகர்ந்தால் தாங்கு குழாய் போதவில்லை என்று பொருள்.

வெல்டிங் செய்பவரிடம், எல்லா மூலைகளிலும் முதலில் புள்ளி வெல்டு மட்டும் வைக்கச் சொல்லி, செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முழு வெல்டு போடச் சொல்லுங்கள். ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சூட்டில் சட்டம் திருகிக்கொள்ளும். அதன் பிறகு தரையில் நான்கு கால்களும் ஒன்றாக உட்காராது. துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம், வெல்டு செய்யும்போது அதன் புகை உடலுக்குக் கேடு. சாதாரணக் கறுப்புக் குழாய் வாங்கி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, மேலே பெயின்ட் அடித்தால் போதும்.

பதில்: தச்சுப்பலகை

பட்டறைவாசி சொன்ன விசைக் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவருக்கு, அதுவும் அளவுகள் இன்னும் முடிவாகாத முதல் காக்பிட்டுக்கு, ப்ளைவுட்டே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வெல்டு வைத்த இரும்பில் ஒரு துளையை 3 செ.மீ. தள்ளி மாற்ற வேண்டுமென்றால் மீண்டும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். மரத்தில் அதே வேலையை வீட்டில் ஒரு டிரில்லை வைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடலாம். சட்டத்தின் ஓசையும் அதிர்வும் மரத்தில் குறைவு என்பதும் கீழ்வீட்டில் ஆட்கள் இருந்தால் கவனிக்க வேண்டிய செய்தி.

8க்கு 4 அடி அளவில் 18 மி.மீ. ப்ளைவுட் ஒரு தகடு போதும். 12 மி.மீ. வாங்கிச் சிக்கனம் செய்ய வேண்டாம்: பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், 18 மி.மீ. பலகை 12 மி.மீ. பலகையைப் போல 3.4 மடங்கு விறைப்பானது. பலகையைப் படுக்கையாக மட்டும் வைக்காமல், நெட்டுக்குத்தாக நிறுத்திய பக்கப் பலகைகளோடு சேர்த்துப் பெட்டி போலக் கட்டினால் இன்னும் பலமாக இருக்கும். ஐஎஸ் 303 முத்திரையுள்ள சாதாரண ப்ளைவுட் உள்ளறைக்குப் போதுமானது. ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் வகை, ஈரம் கசியும் அறையாக இருந்தால் மட்டுமே கொடுத்த விலைக்குப் பயன் தரும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ப்ளைவுட்டின் வெட்டு விளிம்பில் இறக்கிய திருகாணி, அடுக்குகளைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். விசை தாங்கும் இடங்களில் எல்லாம் பலகையை ஊடுருவிப் போகும் எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டும், இரு பக்கமும் அகன்ற வாஷரும், நைலாக் நட்டும் (தானாக இளகாதபடி நைலான் வளையம் உள்ளது) போடுங்கள். கழற்ற வேண்டாத மூலைகளில் மட்டும் மரப்பசை தடவுங்கள்.

பதில்: பழையசீட்டு, சென்னை

இரும்போ மரமோ, இருக்கையை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு சட்டத்தை அளவெடுங்கள். பழைய கார் இருக்கையின் அடியிலுள்ள நான்கு போல்ட் துளைகள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை, ஏனென்றால் காரின் தரையே மேடு பள்ளமானது. முன்துளைக்கும் பின்துளைக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் சட்டம் செய்ய முடியும். இங்கே புதுப்பேட்டையில் கிடைப்பது போன்ற பழைய கார் உதிரிபாகக் கடைகளில், சிறிய காரின் முன் இருக்கையைச் சறுக்குத் தண்டவாளத்தோடு கேட்டு வாங்குங்கள். அந்தத் தண்டவாளம் இருந்தால் உங்களுக்கும் தம்பிக்கும் உள்ள உயர வேறுபாட்டில் பெரும்பகுதி அதிலேயே சரியாகிவிடும்.

இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் என்ற சொல் தைத்திருந்தாலோ, அடியில் மஞ்சள் நிற இணைப்பியோடு ஒயர் தொங்கினாலோ அந்த இருக்கையை வாங்கவே வாங்காதீர்கள். வெடிக்காத ஏர்பேக்கினுள் வெடிமருந்து இருக்கிறது. அதைத் துளையிடுவதும், அதன் பக்கத்தில் வெல்டு வைப்பதும், ஒயரில் மின்சாரம் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதும் உயிருக்கு ஆபத்து. சீட் பெல்ட்டின் கொக்கிப் பகுதியிலும் மஞ்சள் இணைப்பி இருக்கிறதா என்று பாருங்கள், சில கார்களில் அங்கேயும் இதே ஏற்பாடு உண்டு.

வளைவுநேசன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடிச்சட்டத்தை இரும்பிலும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் பெடல் பலகை, ஸ்டியரிங் பலகை ஆகியவற்றை 18 மி.மீ. ப்ளைவுட்டிலும் செய்துகொள்ள முடிவு செய்திருக்கிறேன். ஸ்டியரிங் தாங்கியை வெல்டு வைக்காமல் அடிச்சட்டத்தோடு போல்ட்டில் இணைத்தால் கதவு வழியாகவும் போய்விடும் என்று தோன்றுகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. லோட் செல் பிரேக்கை நானே செய்துகொள்ள முடியுமா? என் 27 அங்குல மானிட்டரை இருக்கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது?

பதில்: மின்கம்பி

செய்துகொள்ள முடியும். ஜி29 பெடலில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர்; பெடல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அது அளக்கிறது. லோட் செல் எவ்வளவு விசையோடு மிதித்தீர்கள் என்பதை அளக்கிறது. கால் தசை தூரத்தைவிட அழுத்தத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரே அளவு பிரேக் பிடிப்பது எளிதாகிறது. ஒரு லோட் செல், அதன் சிறிய மின்குறிப்பைப் பெருக்கி எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 பலகை, ஆர்டுயினோ என்ற நிரல் எழுதக்கூடிய சிறு மின்சுற்றுப் பலகையில் லியனார்டோ அல்லது புரோ மைக்ரோ வகை இருந்தால் போதும்; இந்த இரண்டு ஆர்டுயினோ பலகைகளும் யூஎஸ்பி வழியாக நேரடியாக ஜாய்ஸ்டிக் போலவே கணினிக்குத் தெரியும். சாதாரண ஆர்டுயினோ ஊனோவால் அது நேரடியாக முடியாது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் எச்எக்ஸ்711 பலகைகள் பெரும்பாலும் நொடிக்கு 10 முறை மட்டும் அளக்கும்படி இணைக்கப்பட்டிருக்கும். 200 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 55 மீட்டர் போகிறது. அப்படியானால் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையிலேயே கார் ஐந்தரை மீட்டர் தாண்டிவிடும். அந்தப் பலகையிலுள்ள சிப்பின் ‘ரேட்’ (RATE) என்ற இணைப்பு முனையைத் தரையிணைப்பிலிருந்து விடுவித்து, சிப்பின் மின்வழங்கு முனையோடு இணைத்தால் நொடிக்கு 80 முறை அளக்கும். மிக நுண்ணிய பற்றவைப்பு வேலை அது. கைப்பழக்கம் இல்லையென்றால் கைபேசி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். இதையெல்லாம் சட்டம் முடிந்த பிறகு தொடங்குங்கள், ஏனெனில் அசையும் பலகையில் பொருத்திய லோட் செல் பலகையின் வளைவையும் சேர்த்துத்தான் உங்கள் காலுக்கு உணர்த்தும்.

மானிட்டரைப் பொறுத்தவரை, எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். 27 அங்குல மானிட்டரின் அகலம் ஏறத்தாழ 60 செ.மீ. கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் அது கிடைமட்டமாக 53 பாகையும் செங்குத்தாக 31 பாகையும் பார்வையை நிரப்பும், 80 செ.மீ. தூரத்துக்குத் தள்ளினால் கிடைமட்டம் 41 பாகையாகச் சுருங்கிவிடும். பார்வைக் கோண (FOV) அமைப்பில் அசெட்டோ கோர்சா கேட்பது செங்குத்துக் கோணம், ஆகவே 60 செ.மீ. தூரத்துக்கு 31 என்று கொடுங்கள். முதலில் பார்வை மிகக் குறுகலாகத் தோன்றும். ஆனால் வளைவின் தூரமும் காரின் வேகமும் உண்மையான அளவில் தெரிவதால் பிரேக் புள்ளியைக் கணிப்பது எளிதாகும். மானிட்டரைக் காக்பிட்டோடு இணைக்காமல் தனி மேசையில் வைத்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள், அப்போது ஸ்டியரிங்கின் அதிர்வு திரைக்குப் போகாது.

பதில்: பட்டறைவாசி

கலந்து செய்யும் முடிவு நல்ல முடிவு. ஸ்டியரிங் தாங்கியின் தூண்களை இரு பக்கமும் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இடத்தில், ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு எம்8 போல்ட்டாவது போடுங்கள். ஒற்றை போல்ட் என்றால் அதுவே கீலாகிவிடும். தூணில் 25 மி.மீ. இடைவெளியில் வரிசையாகத் துளைகள் போட்டுக்கொண்டால், தம்பி ஓட்டும்போது ஸ்டியரிங்கை இறக்கிக்கொள்ளலாம்.

ஜி29 அடிப்பகுதியில் எம்6 மரையுள்ள துளைகள் இருக்கின்றன, கவ்விகளை நம்ப வேண்டியதில்லை. போல்ட்டின் நீளத்தை மட்டும் அளந்து வாங்குங்கள். முதலில் ஒரு போல்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றி, எத்தனை மி.மீ. உள்ளே இறங்கி நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அதோடு பலகையின் 18 மி.மீ. கனத்தையும் வாஷரின் கனத்தையும் கூட்டி, வரும் தொகையைவிட இரண்டு மி.மீ. குறைவான போல்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சரியான நீளம் கடையில் இல்லையென்றால், நீளமான போல்ட்டை வாங்கி வாஷர்களை அடுக்கிச் சரிசெய்துகொள்ளலாம். நுனி உள்ளே முட்டும்வரை முறுக்கினால் ஸ்டியரிங்கின் உட்பகுதி உடைந்துபோகும்.