ஃபைபர் போஸ்ட் சிமெண்டோடு கழன்று வருகிறது, கெனாலில் பழுப்புக் கறை வேறு. எங்கே தவறுகிறேன்?

தேவகோட்டை பல் டாக்டர்

வணக்கம். தனியாக கிளினிக் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஐந்து மாதத்தில் மூன்றாவது முறையாக ஃபைபர் போஸ்ட் (வேரின் கெனாலுக்குள், அதாவது நரம்புக் குழாய்க்குள், சிமெண்ட் வைத்து ஒட்டும் நார்க்குச்சி) கழன்றிருக்கிறது. நேற்று வந்தவர் எங்கள் தெரு ஆச்சி. மேல் முன்பல். சீப்புச் சீடை கடித்தாராம், கிரவுன் (மேல் உறை), கோர் (அதற்குள் கட்டும் அடிக்கட்டை), போஸ்ட் மூன்றும் ஒன்றாகக் கையில் வந்துவிட்டன. முந்தானையில் முடிந்து எடுத்து வந்து, "இந்தா, உன் சாமான்" என்று மேசையில் வைத்தார். வெளியே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றைக் கவனித்தேன். சிமெண்ட் முழுக்க போஸ்ட்டில்தான் இருக்கிறது, கெனால் சுவரில் ஒரு பொட்டுகூட இல்லை. பயன்படுத்துவது தனியாக எட்ச் செய்ய, அதாவது அமிலம் தடவிப் பல்லைச் சொரசொரப்பாக்க, தேவையில்லாத ரெசின் சிமெண்ட். காலாவதி ஆகவில்லை, அதை இறுக்கும் லைட்டும் சரியாக இருக்கிறது. கம்பெனியை மாற்றிப் பார்க்கலாமா?

காரைக்குடி சீனியர்

கம்பெனியை அப்புறம் மாற்றலாம் டாக்டர். சிமெண்ட் போஸ்ட்டைப் பிடித்திருக்கிறது, கெனால் சுவரான டென்டினைப் பிடிக்கவில்லை. எனக்கு முதல் சந்தேகம் ஸ்மியர் லேயர் (கருவி அரைத்த தூள் சுவரில் அப்பிக்கொள்ளும் படலம்) மேல்தான். போஸ்ட் டிரில் போட்ட பிறகு எதை விட்டுக் கழுவுகிறீர்கள்? கால்சியத்தை இழுக்கும் ஈடிடிஏ என்றால், ஜெல்லா, திரவமா? ஃபெரூல் (கிரவுன் சுற்றிப் பிடிக்க ஈறுக்கு வெளியே மிஞ்சிய பல் சுவர்) எத்தனை மில்லிமீட்டர்?

தேவகோட்டை பல் டாக்டர்

டிரில் போட்டதும் 3% ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்). பிறகு நன்றாகக் காற்றடித்துக் காயவைத்து சிமெண்ட். ஈடிடிஏ என்னிடம் ஜெல்தான் இருக்கிறது, ஃபைலில் (கெனாலைத் தேய்க்கும் மெல்லிய அரம்) தொட்டு இறக்குவேன். ரூட் கெனால் முடிக்கும்போது ஹைப்போ விட்ட கையோடு 2% குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி) விடுவேன். அப்போதுதான் ஈரம் ஒற்றும் பேப்பர் பாயிண்ட் பழுப்பாக வரும். பழைய ரத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆச்சிக்கு ஃபெரூல் உள்பக்கம் 2 மி.மீ., உதட்டுப் பக்கம் 1 மி.மீ.கூட இருக்காது.

மதுரை எண்டோ

அது ரத்தம் இல்லை மேடம். ஹைப்போவும் குளோர்ஹெக்சிடினும் சந்தித்தால் ஆரஞ்சும் பழுப்புமாக ஒரு படிவு விழும். டென்டினில் உள்ள நுண்குழாய்களின் வாயை அடைக்கும், பல்லையும் கறையாக்கும். நடுவில் சேலைன் விட்டுக் கழுவி, பேப்பர் பாயிண்டால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்ததை விடுங்கள். ஈடிடிஏவோடு குளோர்ஹெக்சிடின் கலந்தாலும் வெள்ளையாகத் திரியும்.

அடுத்தது ஜெல். அது ஃபைல் வழுக்கிக்கொண்டு இறங்க உதவும், அவ்வளவுதான். ஸ்மியர் லேயரில் இரண்டு சரக்கு இருக்கிறது: பல்ப் (பல்லின் நரம்புத் திசு) மிச்சமும் பாக்டீரியாவும் ஒன்று, அரைபட்ட டென்டின் தூள் இன்னொன்று. மேலே 1 அல்லது 2 மைக்ரான் கனம்தான், ஆனால் குழாய்களுக்குள் 40 மைக்ரான் வரை அடைப்பாக இறங்கியிருக்கும். ஹைப்போ கரைப்பது முதல் சரக்கை மட்டும். தூளில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்து இழுக்க 17% ஈடிடிஏ திரவம் வேண்டும். கடைசியில் ஒரு நிமிடம் போதும். நல்லதுதானே என்று 10 நிமிடம் விட்டால் டென்டினையே அரிக்கும். ஹைப்போவோடு கலந்துவிடவும் கூடாது, அதன் குளோரின் வலு போய்விடும். இதெல்லாம் நுனி வரை போய்ச் சேர வேண்டுமே! 30 கேஜ் பக்கத் துளை ஊசியை வேலை நீளத்துக்கு (கருவி இறங்க வேண்டிய ஆழம்) 1, 2 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். நுனியில் காற்றுக்குமிழி மறித்துக்கொண்டால், பொருத்தமான கட்டா பெர்ச்சா (கெனாலை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) கோனை மேலும் கீழும் ஆட்டினால் திரவம் இறங்கும்.

காரைக்குடி சீனியர்

மதுரை டாக்டர் சொன்னது கெனாலுக்கு. போஸ்ட் இடத்துக்கு வேறு தொல்லை உண்டு. டிரில் சுற்றும்போது டென்டின் தூளோடு, சூட்டில் இளகிய கட்டா பெர்ச்சாவும் அதோடு வைக்கும் பசையான சீலரும் சேர்ந்து சுவரில் புதிதாக ஒரு பூச்சு பூசிவிடும். முன்னால் எவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தாலும் பயனில்லை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்களே, சுண்ணாம்புச் சுவரைத் தேய்த்துத் துடைக்காமல் பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் தூளைப் பிடித்துக்கொண்டு பட்டை பட்டையாக உரியும். அதே கதைதான்.

நீங்கள் பயன்படுத்தும், தானாக ஒட்டும் சிமெண்டின் அமிலம் லேசானது, கனமான பூச்சைத் துளைத்துப் போகாது. அல்ட்ராசோனிக் டிப்போ சின்ன பிரஷ்ஷோ போட்டுச் சுவரைச் சுரண்டுங்கள், தண்ணீர் விட்டு நன்றாக அலசுங்கள். கடைசியில் ஹைப்போ வேண்டவே வேண்டாம். அது விட்டுப்போகும் ஆக்ஸிஜன் ரெசினை இறுக விடாது. காற்றடித்து வறட்டவும் வேண்டாம், பேப்பர் பாயிண்ட் போதும். ஈடிடிஏ விடுவதா என்பதில் சிமெண்டுக்குச் சிமெண்ட் பேச்சு மாறும், டப்பாவோடு வரும் தாளைப் படியுங்கள். யூஜினால் (கிராம்பு எண்ணெய்ச் சரக்கு) உள்ள சீலர் என்றால் அதன் மிச்சமும் ரெசினுக்கு ஆகாது.

ஆனால் ஆச்சி பல்லுக்கு ஸ்மியர் லேயரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 1 மி.மீ. ஃபெரூலை வைத்துக்கொண்டு எந்த சிமெண்டும் சீடைக்கு ஈடுகொடுக்காது.

பள்ளத்தூர்க்காரர்

நான் டாக்டர் இல்லை, பல்லைக் கொடுத்தவன். எனக்கு ரூட் கெனால் செய்தபோது ஏதோ தண்ணீர் மாதிரி விட்டுவிட்டு டாக்டர் சும்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது இதுதானா?

மதுரை எண்டோ

இதுவாகத்தான் இருக்கும் அண்ணே. நல்ல இடத்தில் பல்லைக் கொடுத்திருக்கிறீர்கள்.

தேவகோட்டை பல் டாக்டர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பிடுங்கிய பல் ஒன்றில் கெனால் அடைத்து, போஸ்ட் டிரில் போட்டு, வழக்கம்போல ஹைப்போ விட்டு, நெடுக்காகப் பிளந்து லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பார்த்தேன். சுவர் நெடுக இளஞ்சிவப்பாகக் கட்டா பெர்ச்சா இழுபட்டுக் கிடந்தது. இதன் மேல்தான் இத்தனை நாளும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! இன்னொரு பல்லில் அல்ட்ராசோனிக் டிப் போட்டு அலசியதும் அந்தச் சிவப்பு போய்விட்டது. குழாய் வாய் திறந்ததா என்பது லூப்பில் தெரியாது, அதற்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். ஈடிடிஏ திரவம் வாங்கிவிட்டேன். நடுவில் சேலைன் விட ஆரம்பித்ததிலிருந்து பேப்பர் பாயிண்ட் வெள்ளையாகவே வருகிறது.

ஆச்சியின் வேரைக் கொஞ்சம் கீழே இழுத்து ஃபெரூல் எடுக்கலாமா என்று பல் வரிசை சீராக்கும் ஆர்த்தோ டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், வியாழக்கிழமை பார்க்கிறார். அதுவரை சீடையைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறாராம்.