மேலண்ணத்தில் வலிக்காத கட்டி: பார்த்தவர்கள், பட்டவர்கள் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து, திரியைத் தொடங்குபவர்

அம்மாவுக்கு அப்போது 58 வயது. சாப்பிட்டுக் கை கழுவும்போது, “மேல்வாயில புளியங்கொட்டை ஒட்டினாப்பல இருக்குடி, கொஞ்சம் பாரு” என்றார். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வலது கடைவாய்ப் பல்லுக்கு உள்பக்கம், அண்ணத்தின் கெட்டியான பகுதி முடிந்து மெத்தென்று ஆகிற இடத்தில் ஒரு மேடு. நிறம் மாறவில்லை, புண் இல்லை, அழுத்தினாலும் வலி இல்லை.

பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். அந்தக் கடைவாய்ப் பல்லில் பழைய அடைப்பு ஒன்று இருந்தது. பல்லடியில் சீழ் கட்டியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார், வேர் சிகிச்சை செய்து தொப்பியும் போட்டார். கட்டி அப்படியே இருந்தது. “மெதுவா வத்தும்மா” என்றார். நாங்களும் வற்றும் வற்றும் என்று 14 மாதம் இருந்துவிட்டோம். வலி இல்லை என்பதுதான் எங்களைத் தூங்க வைத்தது.

ஒரு காலையில் அம்மா காபி குடித்துக்கொண்டே, “இந்தப் பக்கம் காபி சுடவே மாட்டேங்குது” என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன்தான் வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அங்கே வாய், முக அறுவை டாக்டர் கேட்ட முதல் கேள்வியே “மரத்துப் போகிறதா?” என்பதுதான். கட்டி நரம்பைப் பிடித்திருக்கலாம் என்று அன்றைக்கே கட்டியிலிருந்து ஒரு துணுக்கைப் பயாப்ஸிக்கு எடுத்தார். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்று ரிப்போர்ட் வந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு வகைப் புற்று.

உமிழ்நீர்ச் சுரப்பி என்றால் எனக்குத் தெரிந்தது பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அந்தக் காதடிச் சுரப்பி மட்டும்தான். அது போலப் பெரிய சுரப்பிகள் மொத்தமே மூன்று ஜோடி. ஆனால் உதட்டுக்குள், கன்னத்துக்குள், நாக்கில், அண்ணத்தில் என்று ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் 600 முதல் 1000 வரை சின்னச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். அவற்றிலும் கட்டி வரும், அதிகம் வருவது அண்ணத்தில். காதடிச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள். இந்தச் சின்னச் சுரப்பிகளில் வருபவற்றிலோ ஏறக்குறைய பாதி புற்று. இதை அந்த 14 மாதத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

மேல்தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அப்புறம் 30 நாள் ரேடியேஷன். எடுத்த இடத்தில் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே திறப்பு இருக்கிறது. அதை அடைக்கப் பல் செட் மாதிரி ஒரு பிளேட். பிளேட்டைக் கழற்றினால் தண்ணீர் மூக்கு வழியே வந்துவிடும், பேச்சும் மூக்கால் போகும். அதனால் அம்மா கதவைச் சாத்திக்கொண்டுதான் அதைக் கழுவுவார். முதல் மாதங்களில் அது சரியாகப் பொருந்தவில்லை. சதை ஆற ஆற அளவு மாறுமாம். மூன்று முறை மாற்றினோம்.

ரேடியேஷனுக்குப் பிறகு வாய் திறப்பது குறைந்தது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டச் சொன்னார்கள். ஒன்பது குச்சியில் ஆரம்பித்து பதினேழு வரை வந்தார். பதினேழாவது குச்சி நுழைந்த அன்று இட்லியைப் பிய்க்காமல் கடித்துச் சாப்பிட்டார். அதை நான் மறக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் “வெத்தலை போடுவாளா? புகையிலை பழக்கமா?” என்றுதான் கேட்டார்கள். அம்மா பாக்கைக்கூட வாயில் போட்டதில்லை. இந்த வகைப் புற்றுக்கும் புகையிலைக்கும் தெளிவான தொடர்பு இல்லை என்று டாக்டரே சொன்னார். வாயில் வரும் புற்றெல்லாம் ஒன்று என்று நினைத்து, நோயாளியைக் குற்றவாளி மாதிரி விசாரிக்காதீர்கள்.

இப்போது ஐந்து வருஷம் ஆகிறது. உங்களுக்கோ வீட்டிலோ இப்படி வந்திருந்தால் எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து

அக்கா, எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. மேல் பல் ஒன்றைப் பிடுங்க அண்ணத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். பத்து நாளில் அந்த இடம் வீங்கியது. ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது அண்ணத்தில் ஒரு துண்டு பெயர்ந்து சோற்றோடு வந்தது. கண்ணாடியில் பார்த்தால் ரூபாய் நாணயம் அளவுக்குப் பள்ளம்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்று என்றே போட்டிருந்தார்கள். அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. என் மனைவி மட்டும் விடவில்லை. “மூணு வாரத்துல இவ்வளவு பெரிய கேன்சர் வருமா?” என்று ஒரே பிடியாக நின்றாள். ஸ்லைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் வாங்கி, வாய் நோய்க்கூறு மட்டுமே பார்க்கிற இன்னொரு டாக்டரிடம் கொண்டுபோனோம். நெக்ரோடைசிங் சையலோமெட்டாபிளேசியா என்றார். சின்னச் சுரப்பிகளுக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு அந்த இடம் செத்துப்போகிறது, ஆறும்போது மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புற்று மாதிரியே தெரியும், 1973-இல்தான் இதைத் தனி நோயாக எழுதினார்கள் என்று விளக்கினார். ஒன்றும் செய்யவில்லை, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். ஏழு வாரத்தில் பள்ளம் மூடிவிட்டது.

அறுத்திருந்தால் உங்கள் அம்மா மாதிரி எனக்கும் பிளேட்தான். ஒரு நோயும் இல்லாமல்.

ஒரு பல் மருத்துவர்

முதல் பதிவைப் படித்ததும் நெஞ்சு கனத்தது. அந்த இடத்தில் நானாக இருந்திருந்தாலும் முதலில் சீழ் என்று நினைத்திருப்பேன், ஏனென்றால் அதுதான் தினமும் வருகிறது. ஆனால் அதை உறுதி செய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. பல்லின் வேர்நுனியில் சீழ் கட்டுவது செத்த பல்லில். பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்துப் பல்லின் மேல் வைத்தால், உயிருள்ள பல் சுரீர் என்னும். பல் உயிரோடு இருக்கும்போது பக்கத்தில் ஒரு கட்டி இருந்தால், அந்தக் கட்டிக்கு வேர்நுனிச் சீழைக் காரணம் சொல்ல முடியாது. வேர் சிகிச்சை முடிந்து சில வாரத்தில் வற்றாவிட்டாலும் அதே கேள்விதான்.

ஒருமுறை 24 வயதுக் கல்லூரி மாணவி வந்தாள். அண்ணத்தின் பின்பக்கம் இலேசான நீல நிறத்தில் கொழகொழவென்று ஒரு மேடு. எச்சில் நீர்க்கொப்புளம் போலவே இருந்தது. அது பெரும்பாலும் கீழுதட்டில் வருவது. கடித்துக் கடித்து வரும், உடையும், திரும்ப வரும். அண்ணத்தில், உடையாமல், ஆறு மாதமாக இருப்பது சரியாகப் படவில்லை. அனுப்பி வைத்தேன். மியூகோ எபிடெர்மாய்டு கார்சினோமா, அதுவும் சுரப்பிப் புற்றுதான், ஆனால் வீரியம் குறைந்த வகை. சுற்றிலும் கொஞ்சம் விட்டு வெட்டி எடுத்ததோடு முடிந்தது, ரேடியேஷன்கூடத் தேவைப்படவில்லை. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு விஷயம், வீணாகப் பயப்பட வேண்டாம். அண்ணத்தின் சரியான நடுவில், கல் மாதிரிக் கெட்டியாக, வருஷக்கணக்கில் இருக்கும் புடைப்பு பெரும்பாலும் எலும்பு வளர்ச்சி. அது ஒன்றும் செய்யாது. சுரப்பிக் கட்டி பெரும்பாலும் நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கமாகத்தான் இருக்கும், ஏனென்றால் கெட்டியான அண்ணத்தின் நடுக்கோட்டில் சுரப்பிகள் கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட அம்மம்மாவுக்கு 74 வயதில் மேலுதட்டுக்குள் பயறு அளவில் ஒரு உருண்டை. விரலால் தள்ளினால் வழுக்கி ஓடும். “அது கிடக்கட்டும் பிள்ளை, என்னோட சாகட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்தா. நான் பிடித்த பிடியில் கொண்டுபோனேன். அரை மணித்தியாலத்தில் எடுத்துவிட்டினம். கனாலிகுலர் அடினோமா, புற்று இல்லை. மேலுதட்டில் வாற சுரப்பிக் கட்டிகள் பெரும்பாலும் சாதாரணமானவை, கீழுதட்டில் அவை அரிதாக வந்தாலும் கூடுதல் கவனம் வேணும் என்று வைத்தியர் சொன்னார். அம்மம்மா பிறகு ஏழு வருஷம் இருந்தா.

நோய்க்கூறு ஆய்வகத்தில் வேலை செய்பவர்

கோவை நண்பர் பிளாக்கை வாங்கிப் போனது ரொம்பச் சரி. சுரப்பிக் கட்டிகளில் வகைகள் அதிகம், ஒன்று இன்னொன்றைப் போலவே இருக்கும். எங்களில் பலருக்கு வருஷத்துக்கு நாலைந்துதான் கையில் வரும். செக்ரீட்டரி கார்சினோமா என்ற சுரப்பிப் புற்று வகையையே 2010-இல்தான் தனியாகப் பிரித்தார்கள். அதற்கு முன் அவற்றில் பலவற்றை அசினிக் செல் கார்சினோமா என்ற இன்னொரு சுரப்பிப் புற்றாக எழுதிவிட்டோம். பெயர்தானே என்று விட முடியாது. அந்தக் கட்டியில் இருக்கும் என்டிஆர்கே மரபணு இணைப்பைக் குறிவைக்கும் மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் பரவிய நிலையிலும் அது கேட்கிறது. சரியான பெயர் எழுதாவிட்டால் அந்த மருந்து நோயாளிக்குப் போய்ச் சேராது.

பிளாக்கைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து

மதுரை அம்மாவுக்கு வந்ததேதான் என் வீட்டுக்காரருக்கும். அறுவை முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஐந்து வருஷம் தாண்டியதும் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து, இனி இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டோம். ஒன்பதாம் வருஷம் வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இந்த நோய்க்கு ஐந்து வருஷக் கணக்கு செல்லாது, பத்து பதினைந்து வருஷம் கழித்தும் தலைகாட்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் இதையும் சொல்கிறேன். வேகமாக வளரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்றார்கள். மூன்று வருஷம் ஓடிவிட்டது. இந்தக் குறுவைக்கும் அவர்தான் நாற்றங்காலில் நின்றார். ஸ்கேனுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பேருமே சரியாகச் சாப்பிட மாட்டோம்.

திரியைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் நன்றி. தஞ்சாவூர் அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்துவிட்டு அம்மாவிடமும் காட்டினேன். மறைக்க வேண்டாம் என்று தோன்றியது. நாங்களும் ஐந்து வருஷம் முடிந்ததும் வருவதை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்க இருந்தோம். இனிக் கேட்கப் போவதில்லை.

படித்து முடித்ததும் அம்மா, “அந்த அக்கா வீட்டுக்காரர் பிளேட்டை எதுல ஊறப் போடுறாராம்? ரெண்டாவது பிளேட் வெச்சிருக்காரா?” என்று கேட்கச் சொன்னார். போன தீபாவளிக்கு அம்மாவுடையது கை தவறிக் கீழே விழுந்து விரிசல் விட்டது. புதிது வரும் வரை பதினோரு நாள் யாரிடமும் பேசாமல், ஸ்லேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள் அக்கா.