புதுப்பிப்பு: ஆசிரியர் பட்டியலில் யார், நன்றியுரையில் யார்?

ஆய்வுக்கூடம் முடங்கிக் கிடந்த ஆண்டில் வேலையைத் தாங்கிப் பிடித்த சக ஆய்வாளர்களுக்குக் கட்டுரையில் எப்படி நன்றி சொல்வது என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவானது இதுதான்.

ஒருவரைக் கட்டுரையின் ஆசிரியராகச் சேர்க்க மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 4 நிபந்தனைகள் வைக்கிறது: ஆய்வை வடிவமைப்பதிலோ தரவைத் திரட்டி அலசுவதிலோ கணிசமான பங்கு, வரைவை எழுதுவது அல்லது ஆழமாகத் திருத்துவது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். ஆனால் பலர் தாண்டிப் போகிற வரி ஒன்றும் அதிலேயே உண்டு: முதல் நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு வரைவைத் திருத்தும் வாய்ப்பைக் கொடுத்தாக வேண்டும். வரைவையே அனுப்பாமல் "அவர் எழுதவில்லையே" என்று பெயரை நன்றியுரைக்குத் தள்ளுவது அநியாயம். மாதிரிகளைச் சேகரித்து அளந்து தந்தவர்களுக்கு வரைவை அனுப்பிவிட்டேன்.

கருவி கொடுத்தவர், மொழிநடை பார்த்தவர், நிதி மட்டும் பெற்றுத் தந்தவர் ஆகியோர் நன்றியுரையில். "உதவிய அனைவருக்கும்" என்று எழுதாதீர்கள். "மின்வெட்டில் எங்கள் மாதிரிகளைத் தம் -80 டிகிரி உறைபெட்டியில் வைத்துக் காத்தார்" என்று செய்த வேலையைச் சொல்லுங்கள். அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். கட்டுரையின் முடிவுகளை அவரும் ஏற்றதாக வாசகர் நினைக்கக்கூடும்.

இருபுறமும் பெயர் மறைத்த மதிப்பாய்வு (எழுதியவர் யார், மதிப்பிடுபவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாதது) என்றால் நன்றியுரை முகப்புப் பக்கக் கோப்பில்தான் போக வேண்டும். மதிப்பிடுபவருக்குப் போகும் கட்டுரைக் கோப்பில் விட்டால் ஆய்வுக்கூடம் எது என்பது தெரிந்துவிடும்.