1970 பிளாக் சப்பாத் போஸ்டர் ஹெவி மெட்டல் போஸ்டரா இல்லையா?

ரிஃப்_ராஜா:
ஆரம்பகால ஹெவி மெட்டல் கச்சேரி போஸ்டருக்கு ஒரு லிஸ்ட் போட்டுட்டு இருக்கேன். பிளாக் சப்பாத் பாண்டு முதல் அமெரிக்க டூர்ல, 1970 நவம்பர்ல, சான் பிரான்சிஸ்கோ ஃபில்மோர் வெஸ்ட் அரங்கத்துல ஜேம்ஸ் கேங் பாண்டு கூட வாசிச்சாங்கல்ல, அந்த போஸ்டர்லேருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். யாருக்காச்சும் ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க.

எட்டி_தாசன்:
எனக்கு இருக்கு நண்பா. அது ஹிப்பி போஸ்டர், சப்பாத் பேரு அதுல இருக்கு அவ்ளோதான். அதே அரங்கத்துக்கு 1969 ஏப்ரல்ல லெட் செப்லின் வந்தப்போ போஸ்டர் ஓவியர் ராண்டி டூட்டன் போட்டது என்ன தெரியுமா, அவகாடோ பழம்! அதைப் பாத்து ஒருத்தனுக்காவது அந்த கித்தார் சத்தம் மனசுல வருமா? 1970 பிப்ரவரி 13 வந்த சப்பாத் முதல் ஆல்பம் அட்டையப் பாரு, மேப்பிள்டர்ஹாம் தண்ணி மில்லு முன்னாடி கறுப்பு அங்கி போட்டு ஒரு பொண்ணு நிக்கும், பாத்தாலே குளிரெடுக்கும். இருட்டு லுக் அப்பவே இருந்துச்சு, போஸ்டர்லதான் வரல.

ரிஃப்_ராஜா:
ஏன் வரலன்னு யோசி தல. ஃபில்மோர் போஸ்டர் பாண்டு போட்டது இல்ல, அரங்கம் நடத்துன பில் கிரஹாம் ஓவியர்கிட்ட சொல்லி போட்டது, யார் வாசிச்சாலும் அந்த ஓவியர் கை அப்படித்தான் இருக்கும். 1971ல சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் ஃபில்மோர் ரெண்டையும் மூடிட்டாரு. அந்த சுவத்துல இந்த பேரு இருந்ததே பெரிய விஷயம், அத விட்டுட்டு எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

எட்டி_தாசன்:
1979 மே 8. லண்டன் கேம்டன்ல மியூசிக் மெஷின் அரங்கத்துல ஏஞ்சல் விட்ச், அயர்ன் மெய்டன், சாம்சன் மூணு பேரும் ஒரே ராத்திரி. மேடையில மொத்தமும் மெட்டல், கீழ நிக்கறவனும் மெட்டல் கேக்க வந்தவன். அதுக்கு அடுத்த வருஷம் டெரெக் ரிக்ஸ் வரைஞ்ச எட்டி, அதான் அயர்ன் மெய்டனோட அந்த பிண உருவம், வந்துடுச்சு, இனிமே போஸ்டர தூரத்துல பாத்தாலே யாருன்னு தெரியும். 1980 ஆகஸ்ட் 16 இங்கிலாந்து டோனிங்டன் ராக் விழாவும் உண்டு, ரெயின்போ, ஜூடாஸ் பிரீஸ்ட், ஸ்கார்ப்பியன்ஸ், சாக்ஸன்.

ரிஃப்_ராஜா:
டோனிங்டன்ல ஏப்ரல் வைன் கூட இருந்தாங்களே, அத ஏன் விட்டுட்ட? அவங்க சாதா ராக்கு பாண்டு. கூட யார் வாசிச்சாங்கன்னு பாத்து தள்ளுறதுன்னா உன் டோனிங்டனும் அடிபடும்.

அச்சு_மணி:
நீங்க ரெண்டு பேரும் ஓவியத்தயே பேசறீங்க, நான் பிரஸ்ல இருக்கறவன், எனக்கு தாளுதான் கண்ணுல படுது. அமெரிக்காவுல 14க்கு 22 இஞ்சுல கெட்டி அட்டையில குத்துச்சண்டை போஸ்டர் மாதிரியே தடிச்ச எழுத்துல அடிச்சு கடை ஜன்னல்ல வெப்பாங்க, படம்னு பெருசா ஒண்ணும் இருக்காது. மேல கொஞ்சம் இடத்த காலியா விட்டு கட்டுக்கட்டா அடிச்சு வெச்சுப்பாங்க, எந்த ஊருக்கு போகுதோ அந்த ஊரு அரங்கம், தேதிய அப்புறமா தனியா அச்சடிப்பாங்க. அதனால சில அட்டையில மேல இருக்கற மையும் கீழ இருக்கற மையும் ஒரே கறுப்பா இருக்காது, எழுத்து கொஞ்சம் சாஞ்சும் நிக்கும். அது எந்த லிஸ்ட்டுலயும் வரமாட்டேங்குது, நிகழ்ச்சி முடிஞ்சதும் குப்பைக்கு போனதுல அதுதான் அதிகம்.

எட்டி_தாசன்:
மணி அண்ணே, எழுத்து மட்டும் இருந்தா அதுல மெட்டல் எங்க இருக்கு? பூ வியாபாரத்துக்கும் அதே அட்டைய அடிக்கலாமே.

அச்சு_மணி:
அடிக்கலாம் தம்பி, ஆனா அன்னிக்கு டிக்கெட் வாங்குனவன் பாத்தது அந்த அட்டைய. அவன் கண்ணுக்கு மெட்டல் அப்படித்தான் வந்துச்சு, நீங்க இப்போ எட்டிய பாத்து பழகிட்டு பின்னாடி போயி தேடறீங்க.

ரிஃப்_ராஜா:
மணி அண்ணே சொன்னத நான் எடுத்துக்கறேன், ஜன்னல் அட்டைக்கு தனியா ஒரு பகுதி போடறேன். ஃபில்மோர் முதல்ல இருக்கும், அதுல மாத்தமில்ல.

எட்டி_தாசன்:
அப்போ அவகாடோவையும் போடு. போடலன்னா எதுக்கு சப்பாத்துக்கு மட்டும் சலுகைன்னு கேப்பேன்.

ரிஃப்_ராஜா:
போடறேன். ரெண்டாவதா.